தோணிதாங்கி வீட்டுச் சீலை

அழகிரி தோணிதாங்கியாருக்குத் தன் பட்டப்பெயர் மேல் இருந்த மோகம் பெண்டாட்டி மேல்கூட இருந்ததில்லை. இதை அவர் பெண்டாட்டி ராக்கம்மாளே நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பாள். வாய்க்கால் தகராறா, கோயில் கூட்டமா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளா, எங்கே போனாலும் மனுஷன் பேரை முழுசாகச் சொல்லாமல் வாயை மூடமாட்டார். "வெறும் அழகிரின்னா ஊருக்கு நாலு பேரு இருப்பான். தோணிதாங்கி இந்த ஜில்லாவுக்கே நான் ஒருத்தன்தான்" என்பார்.

அது என்ன பேர் என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு வேலை நடக்காது. முன்னொரு காலத்தில் ஒரு ராஜா காவேரியைத் தாண்டும்போது நடு ஆற்றில் தோணியின் அடிப்பலகை பிய்த்துக்கொண்டதாம். இவருடைய வம்சத்து மூத்தவர் ஒருத்தர் தண்ணீரில் குதித்து, தோணியைத் தோளில் ஏந்தி, ராணியின் முந்தானைகூட நனையாமல் கரை சேர்த்தாராம். அந்த ராஜா ஒரு நாள் சோழராஜாவாக இருப்பார், இன்னொரு நாள் நாயக்கராக இருப்பார். சாப்பாடு பலமாக இருந்த அன்றைக்கு அந்தத் தோணியில் ஒரு பட்டத்து யானையும் ஏறிக்கொள்ளும். கேட்கிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

சிரிக்காமல் கேட்டவள் அவருடைய ஒரே மகள் வள்ளிக்கண்ணு மட்டும்தான். ஜீயபுரத்துக்கு மேற்கே, முக்கொம்பு அணைக்கும் மேலண்டையில் அவர்கள் ஊர். அங்கே காவேரி இன்னும் ஒரே ஆறு. அதற்குக் கீழே போன பிறகுதான் அது காவேரி, கொள்ளிடம் என்று ரெண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. விடிகாலையில் படித்துறையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. பனிக்குள்ளிருந்து துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தப் பனிக்கு அந்தப் பக்கம் வேறு தோணிதாங்கிகள் இருப்பார்கள் என்று சின்ன வயசிலிருந்தே அவள் நினைத்துக்கொள்வாள். கனவிலும் வருவார்கள். தோளில் தோணியோடு, ஒரு வார்த்தை பேசாமல், தண்ணீர் மேலேயே நடந்து போவார்கள். கூப்பிட வாயைத் திறந்தால் விழிப்பு வந்துவிடும்.

அவர்கள் ஜனத்தில் பட்டம் என்பது வெறும் அலங்காரம் இல்லை. ஒரே பட்டம் என்றால் ஒரே தகப்பன் வழி, பங்காளி. அவர்களுக்குள் பெண் கொடுக்கல் எடுக்கல் கிடையாது. எல்லாரும் அண்ணன் தங்கை முறை. ஆண்பிள்ளை இல்லாதவன் செத்தால் கொள்ளி வைக்கப் பங்காளிதான் வரவேண்டும். அழகிரிக்கு மகனும் இல்லை, பங்காளியும் இல்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் போதும், சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து ரெண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். பெருமையாகச் சொல்லிக்கொள்கிற அந்த 'நான் ஒருத்தன்தான்' அப்போது அவரையே திருப்பி அடிக்கும்.

இன்னொரு வழக்கமும் அந்த வீட்டுக்கு மட்டும் உண்டு. ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் காவேரியம்மாவுக்குக் காதோலை கருகமணி விடுவார்கள். தோணிதாங்கி வீட்டில் அதோடு ஒரு புதுச் சீலையையும் வாழைமட்டையில் வைத்து மிதக்கவிடுவார்கள். அதைப் பெண்கள் தொடக்கூடாது. வீட்டு ஆம்பளைதான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, "கரை சேரு தாயி" என்று சொல்லித் தள்ளிவிட வேண்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. "காவேரி எதுக்குப்பா கரை சேரணும்? அவதானே ஆறு?" என்று வள்ளிக்கண்ணு சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டாள். தலையில் ஒரு குட்டு வாங்கியதோடு சரி.

அறுபதாம் வருஷம் தை மாசம், சம்பா அறுத்த நெல்லை அரைக்க மண்ணச்சநல்லூருக்கு வண்டி கட்டினார் அழகிரி. அப்படியே சமயபுரத்துக்கும் போய் வரலாம் என்று வள்ளிக்கண்ணுவும் ராக்கம்மாளும் ஏறிக்கொண்டார்கள். மில்லில் ஒரே தவிட்டுப் புகை. எதிரே நிற்கிறவன் முகம் தெரியாது. கணக்கர் காஜா மைதீன் உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"தோணிதாங்கியார் மூட்டை! தோணிதாங்கியார் வாங்க!"

"வந்துட்டேன்" என்றார் அழகிரி.

"வந்துட்டேங்க" என்றது அந்தப் புகைக்குள் இன்னொரு குரல்.

வள்ளிக்கண்ணுவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. புகைக்குள்ளிருந்து ஒருத்தன் நடந்து வந்தான். புருவம், மீசை, தோள் எல்லாம் தவிடு. தோளில் தோணி இல்லை, கோணி இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் பார்த்தது அவளைத்தான். அவளும் பார்வையை எடுக்கவில்லை. எடுக்க மறந்துபோனாள் என்பதுதான் நிஜம்.

"உம்ம பேரு என்ன?" என்று அழகிரி மறித்துக் கேட்டார்.

"ரத்தினவேலுங்க. அப்பா அடைக்கலம் தோணிதாங்கியார். கொள்ளிடத்து வடகரை. சமயபுரத்துக்குத் தெக்கால இந்தப் பேருல நாங்க ஒரே வீடுதான்."

அவ்வளவுதான், அழகிரிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தவிட்டோடு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மில்லே வேடிக்கை பார்த்தது. "பங்காளி! எனக்கும் பங்காளி இருக்கான்யா!" என்று காஜா மைதீனைப் பிடித்து உலுக்கினார். அப்புறம் மகள் பக்கம் திரும்பினார். "ஏ வள்ளிக்கண்ணு! என்ன மரமாட்டம் நிக்கிறே? அண்ணன்டி! உனக்கு அண்ணன் கிடைச்சுட்டான்டி!"

அடப் பாவமே! ஒரு மனசு திறந்து மூச்சு விடுவதற்குள் அதன் தலையில் அம்மிக்கல்லைப் போட்டால் எப்படி இருக்கும்? வள்ளிக்கண்ணு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்றைக்கே எல்லாரும் வடகரை வீட்டுக்குப் போனார்கள். அடைக்கலம் அதிகம் பேசாத மனுஷர். பேர் எப்படி வந்தது என்று அழகிரி நோண்டி நோண்டிக் கேட்டதற்கு, "தாத்தா காலத்துலேருந்து இதாங்க பேரு" என்று சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டார். அவர் சம்சாரம் காளியாயி வாய் நிறைய அழைத்து இலை போட்டாள். வள்ளிக்கண்ணுவின் தலையைத் தடவி, "மகாலட்சுமி மாதிரி இருக்கே" என்றாள். அந்தக் கை பட்ட இடம் வீடு திரும்புகிறவரைக்கும் அவளுக்குச் சுட்டுக்கொண்டே இருந்தது.

போக்குவரத்து பலமானது. மாட்டுப் பொங்கலுக்கு விட்டுப்போன விருந்தையெல்லாம் சேர்த்து மாசியில் போட்டார் அழகிரி. ரத்தினவேல் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டான், ராக்கம்மாளைப் பெரியம்மா என்று கூப்பிட்டான். வள்ளிக்கண்ணுவை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைத் தூக்கிக் காட்டுவான். அவளும் அண்ணே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இதை ராக்கம்மாள் கவனித்தாள். கவனித்ததைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

சித்திரையில் சமயபுரத்துத் தேருக்குப் போனபோது கூட்டத்தில் ரெண்டு பேரும் பின்தங்கிவிட்டார்கள். கொள்ளிட மணலில் நடந்துகொண்டிருந்தார்கள். தெற்கே ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது.

"எதாவது சொல்லித்தான் கூப்பிடுங்களேன்" என்றாள் வள்ளிக்கண்ணு.

"பெரியப்பா சொன்னதுதானே முறை? ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் வரேன். தொண்டைக்கு மேல வரமாட்டேங்குது." அவன் மணலையே பார்த்து நடந்தான். "இந்தப் பேரு மட்டும் இல்லேன்னா..."

"பேரு இல்லேன்னா உங்களை நான் பாத்திருக்கவே மாட்டேன்."

மணல் சுட்டது. அவள் சொன்னாள்: "வீட்டுல கேட்டுப் பாருங்க. எங்க பேரும் உங்க பேரும் வேற வேற தோணியா இருந்துடக்கூடாதான்னு இருக்கு எனக்கு." சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அவன் அப்பாவிடம் கேட்கத்தான் செய்தான். அடைக்கலம் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பேரு பேருதான், அதுல என்ன ஆராய்ச்சி?" என்று சள்ளென்று விழுந்தார். அப்படி அவர் கோபித்து ரத்தினவேல் பார்த்ததே இல்லை.

ஆனியில் லால்குடிப் பக்கமிருந்து வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு வரன் வந்தது. தாம்பூலம் மாற்றவில்லை, பேச்சோடு இருந்தது. ஆனால் அழகிரிக்கு ஆவணியில் முடித்துவிட வேண்டும் என்று பரபரப்பு. "இப்பதான் என் பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் இருக்கானே! மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டியாற ரத்தினவேல் இருக்கான்!" என்று பூரித்துப்போய்ச் சொன்னார். ரத்தினவேல் சாப்பிட்ட இலையை மூடாமலேயே எழுந்து போனான். வள்ளிக்கண்ணு அன்றிரவு கனவில் தோணிதாங்கிகளைப் பார்த்தாள். இந்தத் தடவை அவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் நிற்கவில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. பங்காளி வீட்டோடு சேர்ந்து கொண்டாட வேண்டும் என்று அழகிரி புதுச் சீலையை மடியில் கட்டிக்கொண்டு, பெண்டாட்டி மகளோடு வடகரைக்கே வந்துவிட்டார். "நம்ம சீலையைக் கொள்ளிடத்துல விட்டா என்ன, எல்லாம் ஒரே தண்ணிதானே" என்றார்.

அந்த வருஷம் கொள்ளிடத்திலும் கரை தொட்டுத் தண்ணீர் போனது. செந்தண்ணீர். கரையெல்லாம் சித்திரான்னமும் மஞ்சள் வாசனையுமாக இருந்தது. காளியாயி தன்பாட்டுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு நாணல் புதர் தாண்டிப் போய்த் தண்ணீரில் நின்றாள். அவள் கையிலும் மடிப்புக் கலையாத ஒரு புதுச் சீலை இருப்பதை வள்ளிக்கண்ணு பார்த்தாள். எதற்கு என்று கேட்க நினைத்து அவள் பக்கம் நடந்தாள்.

மேல்பக்கம் அழகிரி இடுப்பளவு இறங்கினார். வாழைமட்டையில் சீலையை வைத்தார். "கரை சேரு தாயி" என்று தள்ளினார்.

மட்டை ஒரு சுற்றுச் சுற்றி, நாணலை உரசிக்கொண்டு, காளியாயி நின்ற பக்கம் வந்தது. தன் சீலையைத் தண்ணீரில் முக்கக் குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆற்றோடு ஒரு சீலை அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. கையிலிருந்ததை அப்படியே நழுவவிட்டாள். ரெண்டு கையையும் நீட்டினாள். வந்த சீலையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்:

"கரை சேந்துட்டேன் அண்ணே! நான் கரை சேந்துட்டேன்!"

அழகிரி தண்ணீரிலேயே சிலையாகிவிட்டார். சின்ன வயசிலிருந்து வள்ளிக்கண்ணுவின் மனசுக்குள் கிடந்த கேள்விக்கு ஆறு பதில் சொல்லிவிட்டது.

"என்ன சொன்னே? இப்ப என்ன சொன்னேம்மா?" அழகிரி தட்டுத்தடுமாறி வந்தார்.

காளியாயி அழுதுகொண்டே சிரித்தாள். "எங்க வீட்டு வழக்கம்ங்க. பொம்பளைங்களுக்குள்ளயே சொல்லிச் சொல்லி வந்தது. ஆடிப் பதினெட்டுக்குப் புதுச் சீலையை ஆத்துல முக்கி எடுத்து, இப்படிச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோகணும். அதுக்குப் பேரே அண்ணன் சீலை. இன்னிக்குத்தாங்க நிஜமாவே வந்துச்சு!"

"யாரு அண்ணன்?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"இந்த வீட்டு மொதப் பொம்பளையோட அண்ணன். அவ பெரிய வெள்ளத்துல வைக்கோல்போர் மேல வந்து இங்க ஒதுங்குனவ. வயித்துல புள்ளை. புருஷன் கை நடு ஆத்துல நழுவிப் போச்சு. எந்த வீட்டுப் பொண்ணும்மா, புருஷன் பேரு என்னன்னு ஊரே கேட்டுச்சாம். புருஷன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையுமே! எங்கயாவது கரை ஏறியிருப்பான், வருவான்னு நம்பி, கட்டையில போற வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை. பொறந்த வீட்டுப் பேரை மட்டும் சொன்னா. தோணிதாங்கி வீடுன்னு. ஊரும் அதையே புள்ளைக்கு வச்சிடுச்சு. பொறந்த ஊரு மொத்தமும் வெள்ளத்தோட போச்சுன்னு அவளுக்கு நினைப்பு. இருந்தாலும் அண்ணன் தப்பிச்சிருந்தா ஆடிச் சீரோட வருவான்னு வருஷா வருஷம் இங்க வந்து நிப்பாளாம். வரலை. அப்புறம் அவளே ஒரு சீலையை வாங்கி, நனைச்சு எடுத்து, அண்ணன் அனுப்பினதுன்னு வச்சுக்கிட்டா."

அழகிரி கரைமணலில் உட்கார்ந்துவிட்டார். அங்கே ஒருத்தன் தங்கை செத்தாளா பிழைத்தாளா தெரியாமல், எங்கே இருந்தாலும் கரை சேரட்டும் என்று சீர் அனுப்பியிருக்கிறான். இங்கே ஒருத்தி வராத சீரைக் கை நீட்டி வாங்கியிருக்கிறாள். அவன் பிள்ளைகள் அனுப்பியிருக்கிறார்கள், இவள் வீட்டு மருமகள்கள் வாங்கியிருக்கிறார்கள். நடுவில் ஆறு மட்டும் எல்லாம் தெரிந்துகொண்டு போயிருக்கிறது.

"இதை ஏன்யா எங்கிட்ட முன்னாலயே சொல்லலை?" என்று அடைக்கலத்தைப் பார்த்துக் கேட்டார்.

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டார். "பொம்பளை வழியா வந்த பேருன்னு எப்படிங்க சொல்லிக்கிறது? எங்கப்பாவும் சொல்லமாட்டாரு. நீங்க பங்காளின்னு கட்டிப்பிடிச்சீங்க. எனக்கும் ஒருத்தரும் கிடையாதுங்க. இருக்கட்டுமேன்னு இருந்துட்டேன்."

முதலில் விஷயத்தைப் பிடித்தவள் ராக்கம்மாள்தான். "அட ஆண்டவனே! அப்ப இது பங்காளி வீடே இல்லை. தங்கச்சி வழி! பங்காளிக்கு எவனாவது சீலை அனுப்புவானா? ஸ்ரீரங்கத்துப் பெருமாளே சமயபுரத்தா தங்கச்சின்னுதானே தைப்பூசத்துக்கு இதே கொள்ளிடக் கரையில சீர் கொடுக்கிறாரு! ஏங்க, அடைக்கலம் உங்களுக்கு மச்சான் முறைங்க!"

அழகிரியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "அப்ப எனக்குன்னு ஒரு பங்காளி இல்லையா? மறுபடியும் ஒத்தையாயிட்டேனா?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். பாவம், அந்த மனுஷன் ஏழு மாசமாக எத்தனை சந்தோஷமாக இருந்தார்!

வள்ளிக்கண்ணு அவர் எதிரில் வந்து மண்டிபோட்டு உட்கார்ந்தாள். வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"அப்பா, எனக்கு அண்ணன் வேண்டாம்ப்பா."

அழகிரி அவளைப் பார்த்தார். அப்புறம் அவளுக்குப் பின்னால், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற ரத்தினவேலைப் பார்த்தார். ஏழு மாசமாகச் செம்பைத் தூக்கிக் காட்டியது, இலையை மூடாமல் எழுந்து போனது எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஓடியது. மூக்கைத் துண்டால் சிந்தினார்.

"ஏம்மா தங்கச்சி" என்றார் காளியாயியிடம். "நனைஞ்ச சீலையோட நிக்காதே. போய்க் கட்டிக்கிட்டு வா. சம்பந்தம் பேசணும்."

"மாமா" என்றான் ரத்தினவேல். இந்த வார்த்தை மட்டும் அவனுக்கு எளிதாக வந்தது.

"கொள்ளிக்கு என்ன அண்ணே, பேரன் வரமாட்டானா?" என்று காளியாயி சொன்னதும் அழகிரி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. அடுத்த மாசமே ஜனத்தொகைக் கணக்கெடுக்கிறவர் வடகரை வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆம்பளைகள் யாரும் கண்ணில் படவில்லை. குடும்பத் தலைவர் பேர் என்ன என்று காளியாயியைக் கேட்டார்.

"அதை எப்படிங்க நான் சொல்றது? சாமிகிட்ட போயி நாம எதைக் கேப்போம்? அதாங்க பேரு."

"வரமா? அருளா?"

"இல்லீங்க..." காளியாயி பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று தெருவைப் பார்த்தாள். வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு, "நீங்களாவது சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பேரு?" என்று வள்ளிக்கண்ணுவைக் கேட்டார்.

வள்ளிக்கண்ணு வைக்கோல்போர் மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவளை நினைத்தாள். கை நழுவிப் போனவனை நினைத்தாள். அவன் தோளில் எந்தத் தோணி இருந்ததோ, எந்தப் பட்டம் இருந்ததோ, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"ரத்தினவேல்" என்றாள், கணீரென்று.

காளியாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, ஆயுசு குறையும்டி!"

"ஒருத்தி சொல்லாமப் போனதாலதான் அத்தை, ஒரு மனுஷன் இருந்த சுவடே இல்லாமப் போயிட்டான். என் வீட்டுக்காரர் பேரு எனக்கு வேணும். ரத்தினவேல் தோணிதாங்கி. எழுதிக்கங்க."

காளியாயி மருமகளைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னாள்.

"அடைக்கலம்!"

பழக்கமில்லாத வாய், சத்தம் அதிகமாகிவிட்டது. கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மனுஷன், "இதோ வந்துட்டேன்! யாரு கூப்பிட்டது?" என்று பதறிக்கொண்டு ஓடிவந்தார்.